ஈட்டிமட்டத்தின் இருபத்தேழாவது சீசன்

ஈட்டிமட்டம் எஸ்டேட் கால்பந்துக் கழகத்தின் இருபத்தேழாவது சீசனில், கடைசி ஆட்டத்தின் எண்பத்தெட்டாவது நிமிடத்தில், லெஃப்ட் பேக் ஜெபசிங் தன் கோலை நோக்கி வந்த ஆபத்தை விலக்குவதற்காகத் தூக்கி அடித்த பந்து மேலே போயிற்று, மூடுபனிக்குள் நுழைந்தது, இறங்கவில்லை.

இறங்கிவிடும் என்று இருபத்திரண்டு பேரும் அண்ணாந்து நின்றார்கள். ஒரு நிமிடம் ஆயிற்று. இரண்டு ஆயிற்று. ரெஃப்ரி மயில்வாகனன் விசிலை உதட்டில் வைத்தபடி நின்றார். ஊதவில்லை. ஊதவும் முடியாது, ஏனென்றால் பந்து பனிக்குள் இருக்கும்போது விசில் ஊதக்கூடாது என்பது மலைத்தோட்ட லீக்கின் ஒன்பதாவது விதி. வெகுகாலம் முன்பு ஒரு ரெஃப்ரி பந்து பனிக்குள் இருக்கும்போதே ஊதி ஆட்டத்தை முடித்துவிட, அரை நொடி கழித்து அது பனியைவிட்டு வெளியே வந்து நேராகக் கோலுக்குள் விழ, அது கோல்தான் என்று ஒரு எஸ்டேட்டும் இல்லை என்று இன்னொரு எஸ்டேட்டும் தேயிலை வெட்டும் கவாத்துக் கத்தியை எடுத்துக்கொண்டு ஆற்றங்கரை வரைக்கும் ஒன்றையொன்று துரத்தின. அதற்கப்புறம் எழுதிய விதி. இன்றுவரை யாரும் அதில் கை வைக்கவில்லை.

கழகத்தின் செகரட்டரி தேவஇரக்கத்துக்கு இது பிடிக்கவில்லை. ஜெபசிங் அவருடைய ஒரே மகன். ஆனால் அவருக்குப் பிடிக்காமல்போனது அதனால் இல்லை, காத்திருப்பதே அவருக்கு ஆகாது. டீ ஆறும்வரை காத்திருக்கமாட்டார், சுடச்சுட விழுங்குவார். வேதக்கோயிலில் ஆசீர்வாதம் சொல்லி முடிப்பதற்குள் வெளியே வந்து செருப்பைத் தேடுவார். பேச்சிலும் அப்படித்தான், இரண்டு வார்த்தையில் முடியாத சமாசாரம் எதுவும் உலகத்தில் கிடையாது என்று நம்புகிறவர். முப்பத்து நான்கு வருஷம் ஃபேக்டரியில் சல்லடை ஓட்டி ரிட்டயர் ஆனவரிடம் ஃபேக்டரிக்காரர்கள் எப்போதோ கொடுத்த பழைய கெட்டி அட்டை ரெஜிஸ்டர் ஒன்று இருந்தது. அதில்தான் கழகத்தின் கணக்கு. ஒரு சீசனுக்கு ஒரு வரி. ஆடியது, ஜெயித்தது, டிரா, தோற்றது. ஓரத்தில் குறிப்பு என்று ஒரு கட்டம், அதில் மூன்று வார்த்தைக்கு மேல் எழுதியதில்லை.

முதல் சீசன்: ஆடியது பதிமூன்று, தோற்றது பதிமூன்று. குறிப்பு: பூட்ஸ் இல்லை. ஐந்தாவது சீசன்: ஜெயித்தது மூன்று, குறிப்பு: யானை வந்தது. அந்த யானை பாதி ஆட்டத்தில் வலதுபக்கமாக இறங்கி மைதானத்தைக் குறுக்கே கடந்து இடதுபக்கமாகப் போனது, அது போகும்வரை ஆட்டம் நின்றது, அதற்குமேல் சொல்ல ஒன்றும் இல்லை. ஒன்பதாவது சீசனில் தொழிலாளர் லைன் வீடுகள் முழுக்க அம்மை போட்டு எட்டு ஆட்டக்காரர்கள் வேப்பிலையில் கிடந்தபோது, தேவஇரக்கமும் டிஸ்பென்சரி கம்பவுண்டரும் சமையல்காரர் ஒருவரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி ஆடினார்கள். பதினொன்றுக்கு சைபர், தோல்வி. ஆனாலும் ஆடினார்கள். அவருடைய ரெஜிஸ்டரில் வாக்ஓவர் என்று ஒரு கட்டமே கிடையாது. எத்தனை கோல் வேண்டுமானாலும் வாங்குவோம், ஆடாமல் விட்டுக்கொடுத்தது இல்லை என்பதுதான் இருபத்தாறு வரிக்கும் அர்த்தம்.

இருபத்தேழாவது வரியை எழுதப் பேனாவைத் திறந்து வைத்திருந்தார். ஒன்றுக்கு ஒன்று. டிரா ஆனால் போதும், கழகம் லீக்கில் நிற்கும். தோற்றால் கடைசி இடம், லீக்கை விட்டு வெளியே. கழகம் வெளியே போனால் மைதானமும் போகும். எஸ்டேட் கம்பெனி எழுத்தில் கொடுத்திருந்தது: கழகம் லீக்கில் உள்ளவரை மைதானம் கழகத்துக்கு, இல்லாத அன்றைக்கு அது பதினாலாம் நம்பர் தேயிலைக் காடு. நர்சரியில் பாலித்தீன் பைகளில் தேயிலை நாற்றுகள் தயாராகவே இருந்தன.

இருட்டியதும் ரெஃப்ரி கையை உயர்த்தி, அடுத்த ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு அவரவர் நின்ற இடத்தில் வந்து நிற்கவேண்டும் என்று சொன்னார். எல்லோரும் வீட்டுக்குப் போனார்கள்.

மறுநாள் வானம் துடைத்துவிட்டதுபோல் இருந்தது. பந்து எங்கும் இல்லை. கொழுந்து பறிக்கப் போன பெண்கள்தான் முதலில் பார்த்தார்கள், மைதானத்தின் நடுவட்டத்துக்குச் சற்று இந்தப்பக்கம் ஒரு நிழல், அப்பளம் அளவுக்கு, வட்டமாக. மேலே பார்த்தால் ஒன்றும் இல்லை. ஒருத்தி கையை நீட்டினாள், நிழல் கையில் விழுந்தது, கை குளிர்ந்தது. சரி, பந்து இருக்கிறது என்று சொல்லிவிட்டுக் கொழுந்துக்கு நேரமாயிற்று என்று கிளம்பினார்கள். ஒரு வாரத்தில் மழைக்காலம் தொடங்கிற்று, வெயில் போனது, நிழல் போனது, ஆனால் ஊரெல்லாம் சொதசொதவென்று நனைந்து கிடந்த அந்த மழையில் அதே அப்பளம் அளவுக்கு ஓரிடம் மட்டும் உலர்ந்து கிடந்தது.

லீக் கமிட்டியில் இருந்து மூன்று பேர் ஜீப்பில் வந்தார்கள். மழை விட்டு வெயில் அடித்த ஒரு மணிநேரத்தில் நிழலைப் பார்த்தார்கள். ஒருவர் குடையை விரித்துப் பிடித்தார், நிழல் குடைமேல் ஏறிக்கொண்டது. நிழல் தெரிந்தால் பந்து தெரிந்ததாக ஆகுமா என்று ஒருவர் கேட்டார். ஆகாது என்றார் இன்னொருவர், என் நிழல் வந்து நின்றால் எனக்கு மஸ்டரில் ஆஜர் போடுவார்களா. வேறு பந்தை வைத்து மிச்சமுள்ள இரண்டு நிமிடத்தை முடித்துவிடலாமே என்று தேவஇரக்கம் கேட்டார். பந்து வெடித்தால் மாற்றலாம், தொலைந்தால் மாற்றலாம், இது வெடிக்கவும் இல்லை தொலையவும் இல்லை, இதோ நிழல் இருக்கிறது என்று மூன்றாமவர் சொல்லிவிட்டார். ஆட்டம் நடந்துகொண்டிருக்கிறது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, கீரை வடை சாப்பிட்டுவிட்டுப் போனார்கள்.

தேவஇரக்கம் ரெஜிஸ்டரில் ஸ்கேலை வைத்துப் புதிதாக ஒரு கட்டம் கிழித்தார். இருபத்தேழாவது சீசன்: ஆடியது பன்னிரண்டு, ஜெயித்தது இரண்டு, டிரா மூன்று, தோற்றது ஏழு. நடந்துகொண்டிருப்பது ஒன்று.

அதன்பிறகு அது வழக்கமாயிற்று. ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு, மழையோ வெயிலோ, எதிரணியான குன்னிமேடு எஸ்டேட்டின் பதினொரு பேரும் ஜீப்பில் வந்து இறங்குவார்கள், ஈட்டிமட்டத்தின் பதினொரு பேரும் லைனில் இருந்து நடந்து வருவார்கள், அவரவர் அன்று நின்ற இடத்தில் நிற்பார்கள், ரெஃப்ரி விசிலை உதட்டில் வைப்பார், நாலரைக்கு எடுப்பார். முதலில் இதைப் பார்க்க யாரும் வரவில்லை, பிறகு வந்தார்கள், கடலை விற்கிறவர் வந்தார், ஒரு மாசம் கழித்து ஐஸ்காரர் வந்தார், கோயிலில் ஞாயிறு ஆராதனையை அரைமணி முன்னதாக முடிக்க ஆரம்பித்தார்கள், மாரியம்மன் கோயில்காரர்கள் திருவிழாவில் ஞாயிற்றுக்கிழமை வராதபடி நாள் குறித்தார்கள், ஒன்றரை மணிநேரம் ஒரே இடத்தில் நின்றதில் குன்னிமேட்டு ரைட் விங்கும் எங்கள் கோல்கீப்பர் பால்பாண்டியின் தங்கையும் ஒருவரையொருவர் நன்றாகப் பார்த்துக்கொண்டார்கள், கல்யாணம் ஆயிற்று, மாப்பிள்ளை மட்டும் தாலி கட்டிய கையோடு போய் வலதுபக்கம் நின்றார். மழைநாளில் லைனில் தீப்பெட்டியெல்லாம் நமத்துப்போனதால் பெண்கள் தீப்பெட்டிகளைக் கொண்டுவந்து அந்த உலர்ந்த வட்டத்தில் அடுக்கிவைத்தார்கள், வெயில்நாளில் தண்ணீர்க்குடத்தை அங்கே வைத்தார்கள், தண்ணீர் பானைத்தண்ணீர் மாதிரி இருந்தது. நிழல் ஒரே இடத்தில் நிற்கவில்லை, மாதத்துக்கு ஒரு முழம் நகர்ந்தது, ஒரு மாதம் எங்கள் கோல் பக்கம், ஒரு மாதம் அவர்கள் கோல் பக்கம். நகர்வதைவைத்துப் பந்தயம் கட்டினார்கள்.

ஆட்களும் போகவில்லை. அதுதான் பெரிய விஷயம். அதற்கு முன்னால் வருஷத்துக்குப் பத்துக் குடும்பம் மூட்டை கட்டிக்கொண்டு திருப்பூருக்கும் கோயம்புத்தூருக்கும் இறங்கிக்கொண்டிருந்தது. லைனில் பூட்டுத் தொங்கும் வீடுகளை எண்ண ஆரம்பித்திருந்தார்கள். இப்போது, ஆட்டம் நடக்கும்போது பாதியில் எப்படிப் போவது என்று எல்லோரும் இருந்துவிட்டார்கள். மைதானத்தில் நாற்று நடவும் முடியவில்லை. மேனேஜர் இரண்டுமுறை வந்து நிழலைப் பார்த்துவிட்டு ஜீப்பில் ஏறினார். தேவஇரக்கத்தைப் பார்க்கும்போதெல்லாம் ஜனங்கள், அண்ணாச்சி, உங்க மகன் அடிச்ச அடி நம்ம எல்லாத்தையும் நிப்பாட்டி வச்சிருக்கு என்றார்கள். அவர் ம்ம் என்றார்.

ஜெபசிங்கை நிறுத்திவைத்தது வேறு விதி. அது அச்சடித்த விதி இல்லை. மலைமேல் மைதானம், நாலு பக்கமும் சரிவு. வெளியே போன பந்து தேயிலைக்குள் விழுந்து உருண்டால் ஆறு வரைக்கும் போகும், போய் எடுத்துவர முக்கால்மணி நேரம் ஆகும். அதனால் அடித்தவன்தான் எடுக்கவேண்டும். எடுத்துவரும்வரை அவன் எஸ்டேட்டைவிட்டு வேறு எதற்கும் போகக்கூடாது. பால்குடி மறந்த பிள்ளைகூட அங்கே இந்த விதியை அறியும். ஜெபசிங் அடித்தான், ஜெபசிங் எடுக்கவேண்டும்.

அவனுக்கு அந்த மே மாதமே கோயம்புத்தூரில் ஒரு பம்புசெட் கம்பெனியில் வேலை கிடைத்திருந்தது. ஐ.டி.ஐ. படித்தவன். ஜூன் ஒன்றாம் தேதி வரச்சொல்லிக் கடிதம் வந்திருந்தது. பந்தை எடுத்துவிட்டு வருகிறேன் என்று பதில் எழுதினான். கம்பெனியில் இருந்தவர் யாரோ நல்ல மனுஷர், சரி அடுத்த வருஷம் வா என்று வருஷாவருஷம் எழுதினார்.

முதல் வருஷம் முழுக்க அவன் ஏறாத இடம் இல்லை. சில்வர் ஓக் மரங்களின் உச்சியில் ஏறினான், மைதானத்துக்கு மேலே உள்ள பாறையில் மீன்வலையோடு ஏறி உட்கார்ந்தான், மூங்கிலை மூங்கிலோடு கட்டி அறுபதடிக்குக் கழி செய்து நிழலுக்கு நேர்மேலே நீட்டித் துழாவினான். ஒன்றும் தட்டுப்படவில்லை. இரண்டாவது வருஷம் எப்போதாவது ஏறினான். மூன்றாவது வருஷம் ஏறவில்லை. ஞாயிற்றுக்கிழமை போய் இடதுபக்கம் நின்றான், மற்ற நாள் கூலிக்குத் தேயிலைக்கு மருந்தடித்தான், வீட்டில் பேச்சைக் குறைத்தான். அப்பனைப்போலவே ஆகிவிட்டான் என்றார்கள். தேவஇரக்கம் பேசாமல் இருப்பது பேச ஒன்றும் இல்லை என்பதால். இவன் அப்படி இல்லை.

இருபத்தெட்டாவது சீசன், இருபத்தொன்பதாவது சீசன் இரண்டுக்கும் வரி எழுத முடியவில்லை. பழைய சீசன் முடியாமல் புதிய சீசன் எப்படி? ரெஜிஸ்டர் மூடியே கிடந்தது. தேவஇரக்கத்தின் மனைவி ஞானப்பூ அதன்மேல் அரிசி முறத்தை வைத்தாள்.

"ஒரு வார்த்த கேட்டீயளா அவன?" என்றாள் ஒருநாள்.

"என்னத்த கேக்க."

"போணுமா இருக்கணுமான்னு."

"பந்து எறங்கட்டும்."

"பந்து எறங்குறதுக்குள்ள அவன் தலை நரைச்சுரும். இப்பவே காதோரத்துல பாருங்க. ஊர்க்காரங்களுக்கு என்ன, அவங்களுக்கு ஞாயித்துக்கெழம கடல திங்க ஒரு இடம் வேணும். உங்களுக்குக் கிரவுண்டு வேணும். அவனுக்கு என்ன வேணும்னு அந்த ரெஜிஸ்டர்ல எந்தக் கட்டத்துல இருக்கு?"

அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். அது அவர் வழக்கம்.

மூன்றாவது வருஷம் மே மாதக் கடைசியில், ஒரு புதன்கிழமை மத்தியானம், மழை கொட்டிக்கொண்டிருந்தபோது, கோடு போடுகிற சுண்ணாம்பு மூட்டை நனைந்துவிடுமே என்று தேவஇரக்கம் குடையோடு மைதானத்துக்குப் போனார். நடுமைதானத்தில் யாரோ குந்தியிருப்பது தெரிந்தது. மகன்தான். தலையும் முதுகும் தொப்பலாக நனைந்து, மூக்கு நுனியில் தண்ணீர் சொட்ட, குனிந்து உட்கார்ந்திருந்தான். தன்னைப்பற்றி அவனுக்குக் கவலை இருந்ததாகத் தெரியவில்லை. இரண்டு கையையும் முன்னால் நீட்டி, அந்த அப்பளம் அளவு உலர்ந்த இடத்துக்குமேல் ஒரு காகிதத்தைப் பிடித்திருந்தான், காகிதத்தின் நாலு மூலையும் அதற்குள் அடங்கும்படி மடித்துப் பிடித்திருந்தான், படித்துக்கொண்டிருந்தான்.

"மழையில என்னல பண்ணுத?"

"படிக்கேன்."

"வீட்டுல படிக்கப்பிடாதா?"

"வீட்டுல அம்மா இருக்கா."

தேவஇரக்கம் குடையை அவனுக்கு மேலே பிடித்தார். அப்போதுதான் எழுத்துத் தெரிந்தது. பம்புசெட் கம்பெனிக் கடிதம்: ஜூன் ஒன்றாம் தேதி காலை எட்டு மணிக்கு ஆஜராக வேண்டும், இதற்குமேல் அவகாசம் தர இயலாது. ஜெபசிங் காகிதத்தை மடித்து, உலர்ந்த இடத்திலேயே வைத்து, அதன்மேல் ஒரு கல்லை வைத்தான். வைத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டான். தேவஇரக்கம் அங்கேயே ரொம்பநேரம் நின்றார். அவர் அப்படி ஓர் இடத்தில் நின்று யாரும் பார்த்ததில்லை. சுண்ணாம்பு நனைந்துபோயிற்று.

வியாழக்கிழமை அவர் குன்னிமேட்டுக்கு நடந்து போனார், ஆறு மைல். குன்னிமேட்டுச் செகரட்டரி மீரான் பாய் டீக்கடை வைத்திருப்பவர். உட்காரச் சொன்னார், டீ கொடுத்தார், மகள் கல்யாணத்தைப்பற்றிப் பேச ஆரம்பித்தார். தேவஇரக்கம் டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, நான் வாக்ஓவர் கொடுக்கிறேன், வாங்கிக்கொள்ளும் என்றார்.

மீரான் பாய்க்குத் தூக்கிவாரிப்போட்டது. எனக்கு எதுக்கு வே உம்ம வாக்ஓவர் என்றார், ஜெயித்து என்ன செய்ய, ஞாயிற்றுக்கிழமை ஆனால் பதினொரு பயல்களும் சண்டை சச்சரவில்லாமல் ஓர் இடத்தில் நிற்கிறார்கள், எங்கள் எஸ்டேட்டிலும் ஆள் போகாமல் இருக்கிறது, கொஞ்சம் பொறும் அண்ணாச்சி, மூணு வருஷம் பொறுத்தாச்சு, நாலாவதில் இறங்காதா. பொறுக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டு தேவஇரக்கம் திரும்ப ஆறு மைல் நடந்தார். வழியில் ரெஃப்ரி மயில்வாகனனைப் பார்த்தார். அவர் பள்ளிக்கூடத்து டிரில் மாஸ்டர், டிரான்ஸ்பர் வந்தும் இந்த ஆட்டத்துக்காகப் போகாமல் இருப்பவர். விசில் ஊதவே மாட்டேன், ஒன்பதாவது விதி என்று அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். உம்ம விசில் யாருக்கு வேணும் என்றார் தேவஇரக்கம்.

மலைத்தோட்டத்தில் வாக்ஓவர் கொடுப்பதற்கு விசில் வேண்டாம், கையெழுத்தும் வேண்டாம். விட்டுக்கொடுக்கிற கிளப்பின் செகரட்டரி தன் கோல் வலையைத் தன் கையால் அவிழ்த்து, சுருட்டி, எதிர்க் கிளப் செகரட்டரியின் காலடியில் வைக்கவேண்டும். வலை இல்லாத கோலில் பந்து போனாலும் போகாவிட்டாலும் ஒன்றுதான். இது தெரிந்தவர்கள் ஊரில் நாலைந்து பேர்தான் இருந்தார்கள், ஈட்டிமட்டத்தில் ஒருவரும் இதைப் பார்த்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை மே முப்பது. மூன்று மணிக்கு இருபத்திரண்டு பேரும் நின்றார்கள். கூட்டம் வழக்கம்போல. ரெஃப்ரி விசிலை உதட்டில் வைத்தார். தேவஇரக்கம் கோட்டைத் தாண்டி உள்ளே போய், ஈட்டிமட்டம் கோலுக்குப் பின்னால் நின்று, இடதுபக்கக் கம்பத்தின் அடியில் இருந்து முடிச்சை அவிழ்க்க ஆரம்பித்தார்.

முதல் நாலு முடிச்சுவரை யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. வலையைத் தைக்கிறார் என்று நினைத்தார்கள். ஐந்தாவது முடிச்சில் யாரோ ஒரு பெரியவர், ஐயையோ, வாக்ஓவர் குடுக்கான்டே என்றார். அது கூட்டத்தில் ஒரு சுற்றுச் சுற்றி வந்தது. கிரவுண்டு போயிருமே என்றார்கள். ஆட்டத்தைத் தொலைக்க இவன் யாரு என்றார்கள். மூன்று வருஷமாக அங்கே கடலை விற்றுப் பெண்ணைக் கட்டிக்கொடுத்தவர் ஓடிவந்து அவர் கையைப் பிடித்தார். தேவஇரக்கம் கையை உதறிவிட்டு அடுத்த முடிச்சுக்குப் போனார். முப்பது வருஷ மழையில் ஊறிய முடிச்சுகள், நகம் பிய்ந்தது. பல்லால் கடித்து அவிழ்த்தார்.

கோல்கீப்பர் பால்பாண்டி கம்பத்துக்கு நடுவில் நின்றபடியே திரும்பிப் பார்த்தான். "மாமா, வலையை எடுத்துட்டா நான் எங்க நிக்கது?"

"வீட்டுல போய் நில்லு."

ஜெபசிங் தன் இடத்தைவிட்டு நடந்து வந்தான். வலதுபக்கக் கம்பத்து முடிச்சில் கை வைத்தான்.

"நீ தொடாத," என்றார் தேவஇரக்கம். "போய்ச் சட்டைய மாத்து. அஞ்சு மணிக்கு பஸ்."

"அப்பா, கிரவுண்டு..."

"தெரியும் போ."

நாற்பது சொச்சம் முடிச்சு. முக்கால்மணி நேரம் ஆயிற்று. அந்த நேரமெல்லாம் யாரும் கலையவில்லை, திட்டினவர்களும் திட்டி ஓய்ந்து நின்று பார்த்தார்கள். வலையைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு மைதானத்தைக் குறுக்கே நடந்து, நடுக்கோட்டைத் தாண்டி, மீரான் பாயின் காலடியில் போட்டார். மீரான் பாய் காலைப் பின்னால் இழுத்துக்கொண்டார். ஆனாலும் போட்டது போட்டதுதான். ரெஃப்ரி விசிலை உதட்டில் இருந்து எடுத்து, ஈரத்தைச் சட்டையில் துடைத்து, பையில் வைத்தார்.

அப்போது கூட்டத்தில் இருந்து குரல் வந்தது, யார் என்று தெரியவில்லை, ஒருவர் சொன்னதைப் பிறகு நாலு பேர் சொன்னார்கள், பிறகு எல்லோரும் சொன்னார்கள்: ஆட்டம் முடிஞ்சா முடிஞ்சிட்டுப் போவுது, பந்து? அடிச்சவன்தான எடுக்கணும்? அவன் எப்படிப் போவான்?

அது நியாயமான கேள்விதான். வாக்ஓவரால் அந்த விதி போகாது. ஜெபசிங் மாற்றுச்சட்டையோடும் ஒரு ரெக்சின் பையோடும் ஓரத்தில் வந்து நின்றிருந்தான். அவன் தரையைப் பார்த்தான். ஞானப்பூ அவன் பக்கத்தில் நின்று கூட்டத்தை முறைத்தாள்.

தேவஇரக்கம் திரும்பினார். நகத்தில் இருந்து ரத்தம் வந்துகொண்டிருந்தது.

"அவன் அடிச்சதுக்கு நான் எடுக்கேன்," என்றார். "எடுத்து வைக்கிறவரைக்கும் நான் எங்கயும் போகமாட்டேன். போதுமா?"

அப்படி ஒரு வழக்கம் இல்லை. அடித்தவனுக்காக இன்னொருவன் எடுத்ததில்லை. ஆனால் கூடாது என்றும் எங்கேயும் இல்லை. அறுபத்து நாலு வயசில் எங்கே போகப்போகிறார், இருந்து எடுக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள். அஞ்சு மணி பஸ்ஸில் ஜெபசிங் போனான். பஸ் புறப்பட்டதா என்றுகூட தேவஇரக்கம் பார்க்கவில்லை, வீட்டுக்குப் போய் முறத்தை எடுத்துக் கீழே வைத்துவிட்டு ரெஜிஸ்டரைத் திறந்து, நடந்துகொண்டிருப்பது என்ற கட்டத்தில் இருந்த ஒன்றை அடித்து, ஆடியதைப் பதிமூன்றாக்கி, தோற்றதை எட்டாக்கினார். அத்தோடு கழகத்தின் கணக்கு முடிந்தது.

மற்றதெல்லாம் எதிர்பார்த்ததுதான். ஜூலையில் எஸ்டேட் கம்பெனி மைதானத்தில் குழி தோண்டிற்று, ஆகஸ்டில் நாற்று நட்டது. பால்பாண்டி திருப்பூர் போனான், இரண்டு ஹாஃப் பேக்குகள் போனார்கள், ரெஃப்ரி டிரான்ஸ்பரை வாங்கிக்கொண்டார். லைனில் பூட்டுகள் மறுபடி தொங்கின. ஜனங்கள் ஆறு மாதம் தேவஇரக்கத்தோடு பேசவில்லை. அவருக்கு அது சௌகரியமாகவே இருந்தது. பந்துக்கு மட்டும் வாக்ஓவர் ஆன விஷயம் யாரும் சொல்லவில்லைபோல, அதன் நிழல் நாற்றுகளுக்கு நடுவில் அப்பளம் அளவுக்கு நகர்ந்துகொண்டே இருந்தது. அவர் தினமும் காலையில் ஒரு சாக்குப்பையோடு வந்து அதன் பக்கத்தில் உட்கார்ந்தார். மத்தியானம் ஞானப்பூ சோற்றுத்தூக்கைக் கொண்டுவந்து நிழலில் வைப்பாள். காத்திருக்கத் தெரியாத மனுஷர் இரண்டு வருஷம் இப்படி உட்கார்ந்தார். உட்கார்ந்துகொண்டே பந்தைத் திட்டினார். டீயை மட்டும் சுடச்சுடத்தான் குடித்தார்.

மகன் முதல் வருஷம் கிறிஸ்துமஸுக்கு வந்தான். இரண்டாம் வருஷம் லீவு கிடைக்கவில்லை. செல்போன் வாங்கி அனுப்பினான். ஈட்டிமட்டத்தில் அதற்கு சிக்னல் கிடைக்கும் இடம் ஒன்றே ஒன்று, பதினாலாம் நம்பர் காட்டின் தெற்கு மூலை. ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்குக் கூப்பிடுவான். சாப்பிட்டீங்களா, சாப்பிட்டேன், அம்மா எப்படி, இருக்கா. எறங்கிச்சா? இல்ல. அவ்வளவுதான்.

ஒரு வெள்ளிக்கிழமை காலையில் அவர் வந்தபோது நிழல் இல்லை. வெயில் நன்றாக அடித்தது. நாற்றுகளுக்கு நடுவில் வரிசை வரிசையாகத் தேடினார். கொழுந்துக்காரிகளும் கூடைகளை இறக்கிவைத்துவிட்டுத் தேடினார்கள், ஓடைப்பக்கம், ரோட்டுப்பக்கம், பழைய கோல் இருந்த பக்கம். சனிக்கிழமை மழை பெய்தது, எல்லா இடமும் ஒன்றுபோல நனைந்தது. எடுத்து வைக்கிறேன் என்று ஊர் முன்னால் சொன்ன மனுஷர் மழையில் நின்று நாலு திசையும் பார்த்தார். யாரும் அவரை ஒன்றும் கேட்கவில்லை. முன்பு பேசாமல் இருந்தவர்கள்கூட அன்றைக்கு வந்து, அண்ணாச்சி வீட்டுக்குப் போங்க என்றார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்குப் போன் அடித்தது.

"அப்பா," என்றான் ஜெபசிங். எடுத்தவுடன் சாப்பாட்டை விசாரிக்கவில்லை. "இங்க வந்துருக்குப்பா."

"எது?"

"நிழலு. நான் தங்கியிருக்க ரூமுக்கு மேல, மொட்டமாடியில. வெள்ளிக்கிழமை துணி காயப்போட்டேன், சட்டையெல்லாம் காஞ்சிருச்சு, நெஞ்சுல மட்டும் வட்டமா ஒரு எடம் காயல. இன்னிக்குப் போய் நின்னு பாத்தேன். அதேதான். அப்பளம் அளவு."

தேவஇரக்கம் தேயிலை வரிசைகளைப் பார்த்தார். கையில் சாக்குப்பை இருந்தது.

"தொட்டியா?"

"கைய வச்சேன். குளுந்து இருக்கு."

"இனி தொடாத. நீ அடிச்ச. எடுக்கது நான்."

"அப்பா, நீங்க எங்கயும் போகமாட்டேன்னு..."

"எடுக்கத்தான வாரேன். வேற எதுக்கு வாரேன்? பஸ் எங்க நிக்கும்?"

போனில் கரகரவென்று சத்தம் வந்தது. சிக்னல் போய்விட்டது என்று நினைத்து அவர் போனைத் தலைக்குமேல் தூக்கி ஆட்டிவிட்டு மறுபடி காதில் வைத்தார்.

"உக்கடத்துல நிக்கும்பா," என்றான் ஜெபசிங். "நான் வந்து நிக்கேன்."

"முன்னாடியே வந்து நில்லு," என்றார் தேவஇரக்கம். "எனக்குக் காத்துக்கெடக்க ஏலாது."